மாற்றித் தட்டிய பக்கம்

அந்த அச்சகத்தின் பிழை திருத்தும் அறையில் சன்னலைத் திறந்தால் இயந்திரச் சத்தம் காதைப் பிளக்கும், மூடினால் புழுங்கும். அக்கா புழுக்கமே மேல் என்று மூடிவிடுவாள். பூனை எதற்கும் சரி என்பாள். நடப்பதும் தெரியாது, பேசுவதும் கேட்காது என்று ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் அது.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். வேதியியல் பட்டம் வாங்கியும் நேர்முகத் தேர்வுகளில் வாயே திறக்காமல் திரும்பிவந்து முடங்கிக் கிடந்த பூனையை அக்காதான் கையைப் பிடித்து இங்கே இழுத்துவந்தாள்.

"வாய்தான் இல்ல சார் இவளுக்கு. கண்ணு நாலு இருக்கு," என்றாள் அங்கே பொறுப்பிலிருந்த பதிப்பாசிரியரிடம். அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

பேசாமல் செய்யக்கூடிய வேலை உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே பூனைக்கு நம்ப முடியாததாக இருந்தது. அக்கா மூலப்பிரதியை வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாள். பூனை அச்சுப்படியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாத இடத்தில் சிவப்புப் பேனா. பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து.

ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகம் வந்தபோது ஒரு சிக்கல். 'இட்ஸ்' என்று வாசித்தால் எந்த 'இட்ஸ்'? 'இட் இஸ்' என்ற இரண்டு சொல் ஒட்டிச் சுருங்கியதா, 'அதனுடைய' என்று பொருள்படுவதா? சுருங்கியதற்கு மேலே அப்பாஸ்ட்ரபி என்ற ஒரு கொக்கி உண்டு, மற்றதற்குக் கிடையாது. கண்ணுக்கு வேறு, காதுக்கு ஒன்று. 'யுவர்', 'தேர்' எல்லாவற்றிலும் இதே வம்பு.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். கொக்கி இருந்தால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. தட்டவில்லை என்றால் கொக்கி இல்லை.

"உள்ள என்ன, ஆசாரி வேலை நடக்குதா?" என்று பைண்டிங் அண்ணன் எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"ஆமாண்ணே, உங்களுக்கு ஒரு பொண்ணு செஞ்சிட்டிருக்கோம்," என்பாள் அக்கா. பூனை பக்கத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் புத்தகத்தின் நடுவில்தான் ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டார். செலவு கட்டுப்படி ஆகவில்லை. இனிமேல் அந்த அறைக்கு ஒருவர் போதும். புத்தகம் முடியட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா அவள் தோளில் கை போட்டாள். "யாருக்குக் கிடைச்சா என்னடி? நம்ம வீட்டுக்குத்தானே." பூனைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடைசிப் பாடம் 'பிழையைக் கண்டுபிடி'. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், இருக்கக்கூடாத இடத்தில் வைத்து, வேண்டுமென்றே தப்பாக எழுதிய வாக்கியங்கள். ஊடே சில சரியானவையும் உண்டு. எது எப்படி என்று மூலப்பிரதியைத்தான் கேட்க வேண்டும். அக்கா தட்டத் தட்டப் பூனை கொக்கியைச் சேர்த்தாள், தட்டாதபோது இருந்ததை அடித்தாள். பக்கம் முடியும்போது ஒரு சந்தேகம்.

"அக்கா, இதுல தப்பே இல்லையே?"

"எழுதினவரு அப்படித்தான் எழுதியிருக்காரு. நீ கேக்குறதப் போடு."

போட்டாள்.

புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. ஒரு டீச்சரம்மா ஆசிரியருக்குப் போன் செய்து சிரித்தாராம். "பிள்ளைங்க காலையிலேருந்து தேடுதுங்க சார், ஒரு பிழைகூட மாட்டல. பரிசு யாருக்குக் குடுக்க?"

ஆசிரியர் சிரிக்கவில்லை. மூலப்பிரதியையும் அச்சுப்படியையும் பூனையின் முன்னால் போட்டார். சிவப்பு மை முழுக்க அவளுடையது. "தப்பா இருக்கணும்னு எழுதினத எல்லாம் திருத்தி வச்சிருக்கியேம்மா!"

அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். "சின்னப் பொண்ணு சார். படிச்ச புத்தி, பாத்ததும் திருத்திட்டா. நான் வாசிக்கும்போதே சொன்னேன்."

அக்காவுக்குக் கை அசந்திருக்கும், அவசரத்தில் மறந்திருப்பாள் என்றுதான் பூனை முதலில் நினைத்தாள். தாள்களை அறைக்கு எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அசதியில் வரும் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஆய்வுக்கூடத்தில் அவள் படித்தது அது. இங்கே மற்ற பாடங்களில் ஒரு தட்டுகூடத் தவறவில்லை. இந்த ஒரு பாடத்தில், தப்பாக இருக்க வேண்டியவை மட்டும், ஒன்று விடாமல் மாறியிருந்தன. சரியான வாக்கியங்களை அக்கா தொடவே இல்லை. இலக்கணம் நன்றாகத் தெரிந்த ஒருத்தி, நிதானமாகச் செய்த வேலை.

கை கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தாள்.

"ஏங்க்கா?"

அக்கா குழாயை மூடவில்லை. "உனக்கென்னடி, பட்டம் இருக்கு. வயசிருக்கு. என்னைய யாரு கூப்பிடுவா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"கேட்டு வாங்குற நிலைமையிலயா என்னைய வைக்கப் பாக்குற?" அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பூனை தானாகவே ஆசிரியர் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள், தட்டும் கணக்கை விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க அக்கா உன்னப்பத்தி ஒரு வார்த்த தப்பா பேசினதில்லம்மா," என்றார். "வேல போகுதுன்னா அவமேல இப்படியா சொல்லுவ?"

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா முந்திக்கொண்டிருந்தாள்.

"நன்றி கெட்டவளே! சோத்துக்கு வழி காட்டினவ மேலயா பழி போடுவ? அவ எவ்வளவு அழுறா தெரியுமா?"

"அம்மா, அவதாம்மா..."

"பேசாத! இத்தன நாள் பேசாதவளுக்கு இன்னிக்குத்தான் வாய் வந்துச்சா? இந்தா, மன்னிப்புக் கேளு."

பூனை போனை வாங்கினாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அக்கா, அம்மாகிட்ட நீயே சொல்லிடு. வேலைய நீயே வச்சுக்க. அம்மாகிட்ட மட்டும் உண்மையச் சொல்லு."

உறிஞ்சல் நின்றது. பிறகு, எப்போதும்போலப் பிரியமாக அக்கா கேட்டாள்:

"சாப்பிட்டியாடி?"

பூனை போனை அம்மாவிடம் நீட்டினாள். "கேட்டுட்டேம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தாள்.