கடுகும் குப்பைக்கூடையும்

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தம்பி அவளைவிட மூன்று வயது இளையவர். அப்பா, அம்மா போன பிறகு இருபத்திரண்டு வருடம் அந்த மூன்றாவது மாடி வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் கேட்பதற்கே ஆளில்லாமல் போயிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அக்கா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை பஸ் டிரைவர். பதினோரு வருடமாக அவள் வேலைக்குப் போய்வந்த பஸ்ஸை ஓட்டியவர். மனைவியை இழந்தவர்.

"டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டுலதானே நீ உக்காருவே? பதினோரு வருஷமா அந்தாளோட முதுகைத்தானே பாத்திருப்பே?" என்றார் தம்பி.

"முதுகு நல்ல முதுகுடா" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. டிரைவருக்கு ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும்போது தம்பி அவர் கையைப் பிடித்து, "பாத்துக்கோங்க" என்றார். 'மாமா' என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த வயதில் ஒருவரைப் புதிதாக மாமா என்று கூப்பிட நாக்கு புரளவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா ஒரு துணிப்பையில் நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கன்னங்கரேல் என்று, இரண்டு கையால் அள்ளித் தூக்கும் அளவு. தரையில் விட்டதும் சூடான எண்ணெயில் விழுந்த கடுகுபோல அங்கும் இங்கும் தெறித்தது. அதனால் கடுகு என்றே பெயர் வைத்தாள்.

"எனக்கு எதுக்கு இது?"

"நீ தனியா இருக்கக்கூடாது."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா அழுதாவது காட்டும்" என்றாள் அக்கா.

தம்பிக்கு வேலை லிப்ட் பழுதுபார்ப்பது. ஊரில் முப்பது நாற்பது கட்டடங்களில் அவரை லிப்ட்காரர் என்றுதான் தெரியும். அக்கா இருந்தவரை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார். அவள் போன பிறகு வேலையை இழுத்தடித்தார். எண்ணெய் போடத் தேவையில்லாத சங்கிலிக்கும் எண்ணெய் போட்டார். காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவை மாலை ஆறரைக்கோ ஏழுக்கோ திறந்தார். நடுவில் பத்து மணி நேரம் கடுகு அந்த வீட்டில் தனியாக இருந்தது.

நான்காவது நாளே குப்பைக்கூடை கவிழ்ந்தது. கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். சமையலறையிலிருந்து கூடம்வரை குப்பை. முட்டை ஓடு, டீத்தூள், பிளேடு உறை, ரொட்டி பாக்கெட். அவற்றுக்கு நடுவே ஒரே கடையின் சாப்பாட்டு டப்பாக்கள், ஒரே அளவு, ஒரே மூடி. அக்கா போனதிலிருந்து அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் அந்த நாய்க்குட்டி தரையில் பரப்பி வைத்திருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். பிறகுதான் கோபம் வந்தது.

"ஏய்! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே?"

வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த கடுகு பாதியில் நின்றது.

அதன்பிறகு இது தினசரி வேலையாயிற்று. கூடையை ஸ்டூல்மேல் வைத்தார். கடுகு ஸ்டூலைத் தள்ளியது. மூடிமேல் செங்கல் வைத்தார். செங்கல் விழுந்து தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. தினமும் அவர் கத்துவார், பெருக்குவார், கைகழுவிவிட்டு டப்பாவைப் பிரித்துச் சாப்பிடுவார். அக்கா போன் செய்தால், "எல்லாம் நல்லாத்தான் போகுது. வச்சிடட்டுமா?" என்பார். அவளும், "சரிடா, வச்சிடு" என்பாள்.

கீழ்த்தளத்தில் ஒரு தையல்கார அம்மா கடை வைத்திருந்தார். ஒருநாள் அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு இவரைக் கூப்பிட்டார்.

"நீங்க போனதும் உங்க குட்டி அழ ஆரம்பிக்குதுங்க. பத்து மணி வரைக்கும் ஓயாது. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் எதையோ உருட்டுற சத்தம் கேக்கும்."

"அது குப்பைக்கூடை. உங்க கடைக்கு நாலு பேர் வந்து போறாங்களே, யாருக்காவது நாய்க்குட்டி வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. எனக்கும் அதுக்கும் ஒத்துவரல" என்றார்.

அன்றே கடைக்குப் போய்ப் புதுக் கூடை வாங்கினார். உயரமானது. தள்ளினால் உள்ளே சாய்ந்து திரும்பி வந்து மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடி. கடைக்காரர், "இதுல நாய் வாய் வைக்கவே முடியாது சார்" என்று அடித்துச் சொன்னார்.

மூன்று நாள் அதன் பக்கம் எந்த அசம்பாவிதமும் இல்லை. நான்காம் நாள் மாலை கதவைத் திறந்தபோது கூடை படுத்துக் கிடந்தது. குப்பை சிதறிக்கிடந்தது. மூடியைக் காணவில்லை. கடுகையும் காணவில்லை.

"எங்கே போனே? வா வெளியே!"

அக்காவின் அறையிலிருந்து பிளாஸ்டிக் உரசும் சத்தம் கேட்டது. காலியான கட்டிலுக்கு அடியில், சுவர் ஓரமாக, கடுகு ஒடுங்கியிருந்தது. மூடியின் ஆடும் பலகை உடைந்துபோய், அதன் சதுரச் சட்டம் கழுத்தில் மாட்டியிருந்தது. எந்நேரம் மாட்டியதோ, இழுத்து இழுத்துக் கழுத்து முடி கொட்டிப் புண்ணாகியிருந்தது. அவர் குனிந்து கையை நீட்டியதும் அது இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டது.

அவர் கையை இழுத்துக்கொண்டார். கழுத்தில் மாட்டிய சட்டத்துக்காக அது நடுங்கவில்லை. அவருக்காக நடுங்குகிறது. வாழ்நாளில் அவரைப் பார்த்து யாரும் அப்படிப் பயந்ததில்லை. ஓர் உயிருக்கு ஆறரை மணி என்றால் பயம் என்று தான் ஆக்கிவைத்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

லிப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் பேச வேண்டும் என்பது அவர் தொழிலில் பாலபாடம். கதவை நெம்புவதெல்லாம் பிறகு. உள்ளே இருப்பவருக்கு வெளியே ஓர் ஆள் நிற்கிறான் என்று தெரியவேண்டும். ஒரே குரலில், வேகமில்லாமல், வாய் ஓயாமல் பேசவேண்டும். அவர் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, தலையை மட்டும் கட்டிலுக்குக் கீழே நீட்டினார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்ல. நான்தான். எங்கேயும் போகல. இங்கேயே படுத்திருக்கேன். இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி லிப்ட் மறுபடி மக்கர் பண்ணிடுச்சு. மூணாவது மாடிக்குப் போகச் சொன்னா அஞ்சாவது மாடிக்குப் போகுது. அதுக்கு என்ன கோபமோ…"

ஆஸ்பத்திரி முடிந்து அலுவலகம், அலுவலகம் முடிந்து அக்கா. கூடத்துக் கடிகாரம் ஏழு அடித்தபோதும் பேசிக்கொண்டிருந்தார். அக்கா போன பிறகு அந்த வீட்டுக்குள் அவர் குரல் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. அவருக்கே அது வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. படுத்தபடியே எடுத்தார்.

"எப்படிடா இருக்கே?"

"நல்லா…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "நல்லா இல்லக்கா. வீடு ரொம்ப அமைதியா இருக்கு. சாவியைப் போட்டா அந்தச் சத்தம் உள்ள போய்த் திரும்பி வருது."



"எனக்கும் அப்படித்தான்டா" என்றாள். "அவர் தங்கமான மனுஷன். ஆனா நாள்பூரா வண்டி ஓட்டிட்டு வந்து சாப்பிட்டதும் கண்ணு சொருகிடுது. நான் உக்காந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டிருப்பேன். உன்கிட்ட சொன்னா நீ கவலைப்படுவேன்னு சொல்லல. கிளம்பி வரட்டுமா?"

"வேணாம், வேணாம். நாய் கழுத்துல குப்பைக்கூடை மூடி மாட்டிக்கிச்சு. கட்டிலுக்கடியில படுத்து அதுகிட்ட பேசிட்டிருக்கேன்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். "போனை ஸ்பீக்கர்ல போடு. நானும் பேசறேன்."

இரண்டு பேரும் பேசினார்கள். பேச்சின் நடுவே கடுகு ஓரடி நகர்ந்தது. பிறகு இன்னோரடி. கடைசியில் ஈரமூக்கு அவர் காதில் பட்டது. தகரம் வெட்டும் கத்தரியால் சட்டத்தை வெட்டி எடுத்தபோது அது அசையாமல் இருந்தது.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டுக் கடுகைக் கால்நடை டாக்டரிடம் தூக்கிப்போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண். புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டார்.

"வந்து பாத்ததும் திட்டுவீங்களா?"

"திட்டாம? வீட்டையே குப்பைமேடாக்கி வச்சிருக்கும்."

"அது காலையில பண்ணினது சார். நீங்க சாயங்காலம் திட்டறீங்க. அதுக்குக் குப்பை ஞாபகம் இருக்காது. நீங்க வந்தா கத்துவீங்கங்கிறது மட்டும்தான் மனசுல நிக்கும். பத்து மணி நேரம் தனியா விட்டா அது வேற என்ன பண்ணும்? இருக்கறதுலயே வாசனையான பொருள் குப்பைதானே. கூடையை அலமாரிக்குள்ள வைங்க. மத்தியானம் ஒருதரம் வீட்டுக்குப் போங்க. கடிக்க ஏதாவது குடுங்க. அப்புறம் 'விடு'ன்னா விடறதுக்குப் பழக்குங்க. தினம் அஞ்சு நிமிஷம் போதும்."

எப்படிப் பழக்குவது என்று செய்தே காட்டினார்.

அன்று மாலையே பாடம் தொடங்கியது. வேகவைத்த கறித்துண்டை வலது கையில் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கடுகு மோந்தது, நக்கியது, காலால் பிறாண்டியது, கையோடு சேர்த்து முழுங்கப் பார்த்தது. அவர் திறக்கவில்லை. "விடு" என்றார், சாதாரணக் குரலில். சலித்துப்போய் அது தலையைப் பின்னுக்கு இழுத்த கணத்தில் இடது கையிலிருந்து வேறொரு துண்டு கொடுத்தார். வலது கைத் துண்டு அதற்குக் கிடையாது. விட்டால் இன்னொன்று கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கு கடுகுக்குப் பிடிபட நான்கு நாள் ஆயிற்று.

பிறகு துண்டைத் தரையில் வைத்து உள்ளங்கையால் மூடினார். பிறகு மூடாமல் வைத்தார். அன்று கடுகு ஜெயித்தது, மின்னல் மாதிரி வந்து விழுங்கிவிட்டது. "சரி, இது என் தப்பு" என்று மறுபடி உள்ளங்கைக்கே திரும்பினார். மூன்றாவது வாரம் கூடையை அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, பக்கத்தில் நின்றார். அது கூடையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி கூடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தது. அவருக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டினார். கடுகு பயந்து அலமாரிக்குப் பின்னால் ஓடியது.

மத்தியானங்களில் வீட்டுக்கு வந்தார். கடையில் டப்பா வாங்குவதை நிறுத்தவில்லை. ஆனால் அதைத் தட்டில் கொட்டி, உட்கார்ந்து சாப்பிட்டார். பேசிக்கொண்டே சாப்பிட்டார். பதில் வராது என்று தெரிந்து பேசுவதில் ஒரு வெறுமை இருக்கத்தான் செய்தது. சில நாள் பாதியில் நிறுத்திவிட்டு எதிர் நாற்காலியைப் பார்ப்பார். கடுகு காதை நிமிர்த்திக் காத்திருக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அப்படி ஒரு மத்தியானம் தையல்கார அம்மா ஒரு பெண்மணியை மாடிக்கு அழைத்துவந்தார். "சார், நாய்க்குட்டி கேட்டு வந்திருக்காங்க. பெரிய வீடு, தோட்டமெல்லாம் இருக்கு."

வந்தவர் அன்பான முகத்தோடு குனிந்து கடுகைத் தடவினார். தோட்டம், இரண்டு பிள்ளைகள், எந்நேரமும் ஆள் இருக்கும் வீடு. கடுகுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தம்பிக்கே தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்க. இப்ப அதுக்குப் பாடம் நடந்துக்கிட்டிருக்கு. நடுவுல நிறுத்தினா கெட்டுப்போயிடும்" என்றார்.

"பாடம் எப்ப முடியும்?"

"தெரியலீங்க. மந்தமான மாணவன்."

தையல்கார அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கூடையை வேண்டுமென்றே அலமாரிக்கு வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போனார். உள்ளே முந்தின இரவு சாப்பிட்ட கோழி எலும்பு இருந்தது. மூடிக்கு ஒரு கொக்கி போட்டிருந்தார் என்றாலும், தள்ளிப்பார்க்க நினைத்தால் தள்ளிப்பார்க்கலாம். நாலு மணி நேரமும் திருகாணியைத் திருகும்போதெல்லாம் நினைப்பு அங்கேயே இருந்தது. மத்தியானம் கதவைத் திறந்தார். கூடை வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. கடுகு அவருடைய அழுக்குச் சட்டையைக் கொடியிலிருந்து இழுத்துப் போட்டு அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் ஓடிவந்தது, பாதியில் நிற்காமல்.

அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள். புது ஊரில் அவளுக்கும் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. வேறு யாரிடம் சொல்லலாம் என்று யோசித்துப்பார்த்தார். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. கடுகிடமே சொன்னார். அதற்கு அந்தச் செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சாப்பிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் படியில் கால் வைக்கும்போது உள்ளே முனகல் ஆரம்பித்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று காதுகொடுத்தார். முனகல் தணிந்தது, மறுபடி ஒருமுறை எழுந்தது, பிறகு ஓய்ந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நல்லதுதான், பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் உடனே இறங்க மனம் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, இன்னொரு தரம் கூப்பிடுமோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.