மூன்றாம் நிலையில் ஒரு முகூர்த்தம்

எங்கள் ஊரை தினமும் காலையில் நான்தான் கம்ப்யூட்டர் மாதிரி பூட் செய்து எழுப்புகிறேன். நகராட்சி அலுவலகத்தின் பின்கட்டில் சர்வர் இருக்கிறது. முதல் நிலையில் நான் மட்டும் விழித்திருப்பேன். வேறு ஈ காக்கை இருக்காது. இரண்டாம் நிலைக்கு உயர்த்தினால் தண்ணீர், பால், ஜனங்கள் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். தண்ணீர் வராமல் பால்காரர் கிளம்ப மாட்டார். அது சர்வரின் விதி, அவரைக் குறை சொல்லக் கூடாது.

மூன்றாம் நிலையில்தான் காட்சி வரும், கண்ணுக்கு எதுவும் தெரியும். மெமரி போதவில்லை என்று பல வருஷம் முன்பே ஊரை இரண்டாம் நிலையோடு நிறுத்திவிட்டார்கள். குரலை வைத்து ஆளையும், நாக்கை வைத்து உப்பையும் சர்க்கரையையும் கண்டுபிடித்துக்கொள்கிறோம். பவர்கட்டுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

என் மகள் ஆவுடைச்செல்விக்குப் பேச்சிமுத்து என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமானது. நல்ல குரல். எல்லாம் தயாரான பிறகு, முதல் நாள் சாயங்காலம் அவள் சொன்னாள்:

"அவுக மொகத்த ஒரு தடவ பாக்காம நான் மணையில உக்கார மாட்டேம்ப்பா."

கல்யாணம் நின்றுபோனால் மறுநாள் எந்த முகத்தோடு ஊரை எழுப்புவது?

விடிந்ததும் காட்சியைக் கிளப்பிப் பார்த்தேன். சர்வர் முடியாது என்றது. காட்சி வெட்கத்தைச் சார்ந்தது. வெட்கம் ஓடினால்தான் அது கிளம்பும். வெட்கமோ பூட்டிக் கிடந்தது. சும்மா நிறுத்தி வைத்ததைத் திரும்பக் கிளப்பலாம், பூட்டியதைத் திறக்காமல் யாராலும் கிளப்ப முடியாது. போன தேர்தலுக்கு முன் எல்லாக் கட்சியும் ஒருமனதாகப் பூட்டச் சொன்னது அது ஒன்றைத்தான்.

நகராட்சி சேர்மன் தங்கமாரியப்பனுக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன்.

"தொறந்துக்கிடும். ஆனா எங்காளுக ஒருத்தரும் கல்யாணத்துக்கு வரமாட்டாக, பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன். முதலில் வெட்கம் வந்தது, பிறகு காட்சி வந்தது.

மண்டபத்துக்குள் போனால் அத்தனை பேரும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரம் நின்றிருந்தது. நானும் மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தேன். முகூர்த்தம் முடியப்போகிறது. தாலி கட்ட மாப்பிள்ளைக்குக் கை வேண்டும். கையை எடுத்தால் முகம் தெரிந்துவிடும். முயன்று பார்த்தார், முடியவில்லை. அவர் காது சிவந்திருந்தது.

ஆவுடை கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு தன் கைகளைத் தன் முகத்திலிருந்து எடுத்து அவர் முகத்தை மூடினாள்.

"இப்பம் கட்டுங்க. பாக்கதெல்லாம் பொறவு பாத்துக்கிடுதேன்."

அவர் தடவித் தடவி மூன்று முடிச்சும் போட்டார். அவ்வளவு நேரமும் என் மகளின் முகம் மூடாமல் இருந்தது. அவள் பிறந்ததே இரண்டாம் நிலையில்தான். அன்றைக்குத்தான் அவளை முதல்முதலாகப் பார்க்கிறேன். மூக்கு அப்படியே என் மாமியார் மூக்கு. அதுகூட அழகாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுவீட்டுக்குக் கிளம்பும்போதும் அவள் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தை மூடியபடி பின்பக்கமாகவே நடந்து பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் இருவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டைக் கிழித்து, அவள் முழங்கை மடிப்பில் செருகினார்.