ஜிப்பில் கோளாறு இல்லை

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குப் பந்தய ஆசை வந்தபோது வயது நாற்பத்தேழு. அந்த வயதில் மற்றவர்களுக்கு முழங்கால் வலி வரும், இல்லாவிட்டால் தோட்டம் போடும் ஆசை வரும். இவருக்கு கார் வந்தது. அதுவும் சொந்தக் கார் இல்லை, மச்சினனுடையது.

மச்சினன் மெக்கானிக். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, ஊருக்கு வெளியே நடக்கும் அமெச்சூர் பந்தயத்துக்குத் தயாராக்கி வைத்திருந்தான். ஓட்டத்தான் ஆள் இல்லை. அவனே ஓட்டியிருப்பான். ஆனால் கடைவீதியில் பறந்ததற்காக போலீஸ் அவன் லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருந்தது. வேகமாக ஓட்டியதால் பந்தயத்தில் ஓட்ட முடியாமல் போனவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"நீங்க ஓட்டுங்களேன் அத்தான்" என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தான். மரியாதைக்குச் சொன்னதுதான். அத்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கடைக்குக் கண் பரிசோதிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் பந்தயக் கதைதான். கீழ்வரிசை எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணைச் சுருக்கித் திணறும் நேரத்தில் வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்று விளக்குவார். வளைவில் அவர் திரும்பியது ஒரே ஒரு முறை. பயிற்சி நாளில் காரைச் சுழற்றிப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தினார். டயர் சரியில்லை என்று மச்சினனைக் கடிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஓட்டிப் பழகுவதைவிட உடுப்பு தேர்ந்தெடுப்பது முக்கியம் என்று அவருக்குப் பட்டது.

தீ எளிதில் பற்றாத உடுப்பு இல்லாமல் களத்துக்குள் விடமாட்டார்கள் என்பது பந்தயக்காரர்களின் விதி. அவர் அந்த விதியை ஒரு பரிசாக எடுத்துக்கொண்டார். சிவப்பா, நீலமா, கறுப்பில் வெள்ளிக் கரையா என்று ஒரு மாதம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனில் படங்களை ஓடவிட்டு மகளிடம் கேட்டார். மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஹெல்மெட் போட்டா முகம் தெரியாது இல்லப்பா? அப்ப எதுவா இருந்தாலும் நல்லா இருக்கும்" என்றாள்.

மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் டீச்சர். கற்றுக்கொள்பவரின் பக்கத்தில், தன் காலடியில் தனி பிரேக் வைத்த இருக்கையில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, கண்ணாடியப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே தலையில் நரை விழுந்திருந்தது. கணவர் பந்தயம் ஓட்டப் போகிறார் என்றதும் அவள் சண்டை போடவில்லை. "உடுப்பு வாங்கப் போறப்ப நானும் வருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

உடுப்புக் கடை ஒரு டயர் கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது. படியெல்லாம் ரப்பர் வாசனை. கடைக்காரர் ஒரு காலத்தில் தானே பந்தயம் ஓட்டியவர். ஒரு காதோரம் தோல் சுருங்கி மெழுகு மாதிரி மினுமினுத்தது. டீச்சர் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் பார்த்தாள். கண்ணாடிக்காரர் பார்த்தது கம்பியில் தொங்கிய சிவப்பு உடுப்பை.

"தோள்ல பட்டை வச்சிருக்கீங்களே, ராணுவ அதிகாரி மாதிரி! ரொம்ப எடுப்பா இருக்கு" என்றார், பட்டையைத் தடவியபடி.

"அது அழகுக்கு இல்ல சார். நீங்க உள்ள மயங்கிக் கிடந்தா, அதப் புடிச்சுத்தான் வெளிய இழுப்பாங்க."

கண்ணாடிக்காரர் பட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இதப் போட்டா தீப்பிடிக்கவே பிடிக்காதா?" என்று டீச்சர் கேட்டாள்.

"அப்படிச் சொன்னா பொய்ம்மா. சூடு உடம்புக்கு வர நேரமாகும். அந்த நேரத்துக்குள்ள கார விட்டு வெளிய வந்துடணும். நான் விக்கிறது அந்தக் கொஞ்ச நேரத்தத்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒத்த மடிப்புன்னா, அதாவது துணி ஒரே அடுக்கா இருந்தா, கண்ணச் சிமிட்டுற நேரம்தான். மூணு மடிப்புன்னா பத்து விநாடிக்கு மேல தாங்கும். உள்ள போடுற பனியனும் இதே துணியில இருக்கணும். நைலான் கூடவே கூடாது, உருகி ஒட்டிக்கும். விலை கம்மியாவும் ஒண்ணு இருக்கு, பருத்தியில மருந்து ஏத்தினது. துவைக்கத் துவைக்க மருந்து போயிடும். இது அப்படி இல்ல, நூலே எரியாத நூல்."

"இவர் சோபாவுல இருந்து எந்திரிக்கவே அதுக்கு மேல ஆகும். மூணு மடிப்பே குடுங்க."

"மூணு மடிப்புன்னா குண்டாத் தெரியுமே" என்று கணவர் முனகினார்.

"மடிப்பால இல்ல" என்றாள் டீச்சர்.

அவர் கேட்ட சிவப்பில் மூன்று மடிப்பு உடுப்பை அளவு சொல்லித்தான் தைத்து வாங்க வேண்டுமாம். கடைக்காரர் டேப்பை எடுத்தார். தோள், கை, நெஞ்சு எல்லாம் முடிந்து வயிற்றுக்கு வந்தபோது கண்ணாடிக்காரர் சுவர் அலமாரியில் இருந்த ஒரு பந்தயக் கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"மூச்ச விடுங்க சார்."

"விட்டாச்சு" என்றார், வயிறு துளியும் அசையாமல்.

கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். அளவு எழுதப்பட்டது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் பெட்டி வந்து சேர்ந்தது. கண்ணாடிக்காரர் கடையை மகளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஏதோ விழுந்தது. கதவைத் திறந்தபோது உடுப்பு இடுப்புவரை ஏறியிருந்தது. ஜிப் தொப்புளுக்குக் கீழேயே நின்றுபோய், அதற்கு மேல் ஒரு விரல்கூட நகர மறுத்தது.

மச்சினன் வந்து பார்த்தான். "பக்கவாட்டுல பிரிச்சு ஒரு துண்டு வச்சுத் தச்சுடலாம் அத்தான். நம்ம தையக்காரர்கிட்ட குடுத்தா ஒரு மணி நேர வேலை."

உடுப்புக் கடைக்காரருக்கு போன் போட்டார்கள். அவர் மறுமுனையில் பெருமூச்சு விட்டார். "சாதா நூல் உருகிடும் சார். பிரிச்சீங்கன்னா காலர்ல இருக்கிற தர முத்திரைக்கும் மதிப்பில்ல, சோதனையில தள்ளிடுவாங்க. இறுக்கிப் போடுறதும் தப்பு. துணிக்கும் உடம்புக்கும் நடுவுல காத்து நிக்கணும், அதுதான் பாதி காவல்."

மூன்று வாரத்தில் இளைத்துக் காட்டுகிறேன் என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். காலையில் நடந்தார். நடந்ததில் பசி எடுத்தது. பசிக்குச் சாப்பிட்டார். இரண்டாவது வாரத்தின் கடைசியில் ஜிப் முன்பு நின்ற இடத்துக்கும் கீழே நின்றது.

"துணியில தப்பில்ல. அளவுலயும் தப்பில்ல. இந்த ஜிப்லதான் ஏதோ கோளாறு" என்று அவர் கடைசியில் கண்டுபிடித்தார். "பல்லு எங்கயோ வளைஞ்சிருக்கு. நம்பலன்னா நீ போட்டுப் பாரு. உனக்கும் ஏறாது."

டீச்சர் அவரைவிட அரை விரற்கடை உயரம், தோளும் அகலம். சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், விவாதத்தை முடித்துவைக்கும் எண்ணத்தில் உடுப்புக்குள் காலை விட்டாள். கையை விட்டாள். ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். அது சர்ரென்று ஒரே மூச்சில் கழுத்துவரை ஏறியது.

டீச்சர் அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ஒருக்களித்துப் பார்த்தாள். குனிந்தாள், உட்கார்ந்தாள், ஸ்டீயரிங் பிடிப்பதுபோலக் கையை நீட்டி மடக்கினாள். ஜிப்பைச் சோதிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"ஜிப் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கதவோரம் நின்ற மச்சினனின் முகத்தில் வெளிச்சம் பரவியது. "அக்கா..."

"வாயத் திறக்காத."

"பேரு மாத்திக் குடுக்க நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்குக்கா. கார் சும்மா நிக்குது."

"கண்ணு தெரியாதவங்க மாதிரி ஓட்டுற கூட்டத்துல நான் எதுக்குடா போறேன்?" என்றவள், உடுப்பைக் கழற்றாமலே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "ஒரு தடவ ஓட்டிப் பாக்கிறேன். வேகமா இல்ல."

வேகமாக ஓட்டவில்லைதான். பயிற்சிக் களத்தில் அவள் போனதைப் பார்த்தால் காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி இருந்தது. டயர் கிறீச்சிடவில்லை, கார் அலையவில்லை. ஆனால் மச்சினன் கையில் இருந்த கடிகாரம் வேறு கதை சொன்னது. அவன் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு அத்தானிடம் நீட்டினான். அத்தான் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நேரா போற இடத்துல எல்லாரும் வேகமாத்தான் போறாங்க" என்று டீச்சர் இறங்கி வந்து சொன்னாள். "திரும்புற இடத்துலதான் பயந்து பிரேக்க மிதிச்சுக் கெடுத்துக்கிறாங்க. என் ஸ்டூடன்ட்ஸும் அப்படித்தான்."

கண்ணாடிக்காரருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாரம் முன்னாலேயே இப்படிச் சாப்பாடு இறங்காமல் போயிருந்தால் உடுப்பாவது ஏறியிருக்கும்.

மறுநாளே பந்தயத்துக்கு அவள் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். பந்தயத்தன்று கூட்டம் அதிகமில்லை. ஓட்டுகிறவர்களின் உறவுக்காரர்கள்தான். கண்ணாடிக்காரர் கம்பி வேலியோரம் நின்று, தெரிந்தவர்களிடம் இந்த முறை தான் மேற்பார்வையை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். கொடி அசைந்ததும் முன்வரிசை இளவட்டங்கள் மூன்று பேர் முதல் வளைவுக்கு ஒன்றாகப் பாய்ந்தார்கள். யார் எந்தப் பக்கம் ஒடிப்பார்கள் என்பது பக்கத்து இருக்கையிலேயே வாழ்நாளைக் கழித்தவளுக்கு முதுகைப் பார்த்தாலே தெரியும். அவள் கொஞ்சம் பொறுத்தாள். மூன்று கார்களும் ஒன்றையொன்று முட்டிப் புல்லுக்குப் போயின. நடுவில் கிடைத்த சந்தில் அவள் அமைதியாகக் கடந்து போனாள்.

"அக்கா மூணாவது! அத்தான், அக்கா மூணாவது!" மச்சினன் வேலியைப் பிடித்துக் குதித்தான்.

பாதிப் பந்தயம் தாண்டியபின் களத்தின் மறுபக்கத்து நேர்ப்பாதையில் அவள் காரின் எஞ்சின் மூடி இடுக்கிலிருந்து ஒரு புகைக் கோடு கிளம்பியது. முதலில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு புகை கறுத்தது. அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நாக்கை நீட்டியது.

கண்ணாடிக்காரர் வேலியை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. அந்த வயிற்றோடு, அந்த உயரத்தை. பாதையோரம் நின்ற காவல் ஊழியர் ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். அவர் திமிறினார். ஒரு மாதமாக நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது நிறம் நினைவில் இல்லை. மூணு மடிப்பு, மூணு மடிப்பு என்று உதடு முணுமுணுத்தது. குண்டாகத் தெரியும் என்று கடையில் முனகியதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் கார் இண்டிகேட்டரைப் போட்டது. அதை எல்லோரும் பார்த்தார்கள். இடப்பக்கம் விளக்குச் சிமிட்டியபடி பாதையை விட்டு ஒழுங்காக ஒதுங்கி, மற்றவர்களுக்கு இடம் விட்டு நின்றது. எஞ்சின் அணைந்தது. அதே கணம் தீ மூடியைச் சுற்றிக்கொண்டு காரின் முன்கண்ணாடியை மறைத்தது. கதவு திறந்தது. ஒரு சிவப்பு உருவம் புகைக்குள்ளிருந்து இறங்கி, நாலெட்டு ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. அணைப்பான்களோடு ஓடிய ஊழியர்கள் வெள்ளை நுரையை அடித்தார்கள்.

கண்ணாடிக்காரர் போய்ச் சேர்ந்தபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள். முடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. உடுப்பின் வலது கை முழங்கைவரை கருகியிருந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்துக் கையுறையை உருவி, சட்டைக்கையை மேலேற்றி, தோலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சிவந்துகூட இருக்கவில்லை. கண் பரிசோதிக்கிறவரின் கண் கலங்கிப்போய் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல. சூடா ஒரு டம்ளரத் தொட்ட மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்." அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது அப்போதுதான். "என்னப் புடிங்க கொஞ்சம்."

பிடித்துக்கொண்டார். தோள்பட்டையில் இருந்த அந்தப் பட்டையைத்தான் கை தேடிப் பிடித்தது.

மச்சினன் மூச்சிரைக்க வந்து நின்றான். "அக்கா, உனக்கு ஒண்ணும்..."

"பெட்ரோல் குழாய்க்கு கிளிப் போட்டியாடா?"

அவன் தலையைச் சொறிந்தான். அக்கா அவனைத் திட்டிய திட்டு களத்தின் ஒலிபெருக்கியைவிடத் தெளிவாக எல்லோருக்கும் கேட்டது. திட்டி முடித்ததும் நடுக்கமும் நின்றிருந்தது.

பந்தயத்தில் அவளுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு படம். புகைக்கு முன்னால் சிவப்பு உடுப்பில் அவள் திரும்பிப் பார்க்கும் படத்தை யாரோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அதுவரை பிள்ளைகளை நிதானமாக ஓட்டக் கற்றுத்தருவாள் என்று பெற்றோர் தேடிவந்த டிரைவிங் ஸ்கூலுக்கு, அடுத்த வாரத்திலிருந்து பறக்கக் கற்றுத்தருவாள் என்று இளவட்டங்கள் தேடி வந்தார்கள். எல்லோரையும் சேர்த்துக்கொண்டாள். எல்லோரையும் ஒரு மாதம் பின்பக்கமாக ஓட்டிக் காரை நிறுத்திப் பழகச் சொன்னாள்.

தீ பட்ட உடுப்பை மறுபடி போடக்கூடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், புதிதாக ஒன்று தைக்கக் கொடுத்தார்கள், அவள் அளவுக்கு. இந்தத் தடவை நிறத்தைப் பற்றிக் கண்ணாடிக்காரர் வாயே திறக்கவில்லை. நாலு மடிப்பில் வருமா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

கடையில் அவர் பேச்சு மட்டும் குறையவில்லை. கீழ்வரிசையைப் படிக்கத் திணறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பந்தயத்துல தீப்பிடிச்சுதாமே, யாரு ஓட்டினது?" என்று விசாரித்தார்.

கண்ணாடிக்காரர் லென்ஸை மாற்றிப் போட்டார்.

"நாங்கதான்" என்றார்.