மூணாம் நம்பரின் சொந்தபந்தம்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த விளையாட்டுகளிலேயே மனசு என்கிற கலப்படம் இல்லாதது ரோபோ சண்டை ஒன்றுதான். இதைச் சொன்னவர் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பிரித்துப்போட்ட வாஷிங் மெஷினின் நடுவில் நின்று, அதன் மோட்டாரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அழுக்குத் துணியோடு வந்து நின்ற அக்காவிடம் சொன்னார்.

“மத்த விளையாட்டுல தோத்தவன் அழறான், ஜெயிச்சவன் அதைவிட அதிகமா அழறான். இரும்பு அழாது. அதனால அது மனுஷனைவிட ஒரு படி மேல.”

“துணியை யார் துவைக்கிறது?” என்றாள் அக்கா.

கொள்கைக்கு இந்தக் கேள்வி சம்பந்தமில்லாதது என்பதால் மாமா மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த மோட்டார் மூணாம் நம்பர் வண்டிக்குள் போனது. முதல் இரண்டும் சிதறியபின் கட்டியது என்பதால் அந்தப் பெயர். வேறு பெயர் வைக்க மாமா ஒப்புக்கொள்ளவில்லை. “இரும்புக்குப் பேரு வச்சா அடுத்து காது குத்தணும்பீங்க.” பார்க்க கேஸ் அடுப்புக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். முன்னால் சுழலும் கத்தி ஒன்று. மாமா ஒரு ரிமோட்டில் சக்கரங்களை ஓட்டுவார். இன்னொரு ரிமோட்டில் கத்தியைச் சுழற்றுவது என் வேலை. கத்தி சுற்ற ஆரம்பித்தால் பாட்டரியைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். ஆனால் எங்கள் சண்டைகள் ஒரு தும்மலுக்குள் முடிந்துவிடும் என்பதால் அது குறையாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், மூடிப்போன மரச்சாமான் கிடங்கு ஒன்றில் சண்டை நடக்கும். பார்வையாளர்கள் என்றால் போட்டியாளர்களின் வீட்டார், அப்புறம் மின்விசிறிக்காக வரும் பக்கத்துக் கிடங்கு காவலாளி. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. தோற்ற வண்டியின் கழன்ற பாகங்களை ஜெயித்தவரும் கூட உட்கார்ந்து பூட்டிக் கொடுக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் உண்மையான சண்டை, வாயால், நடக்கும்.

மாமாவுக்குச் சரிக்குச் சரி நின்றவர் தையல்காரம்மா ஒருவர்தான். அவருடைய வண்டிக்குப் பெயர் உண்டு, சின்னவள். ஆமை போல ஓடு போர்த்திய வண்டி. வேகம் கிடையாது, ஆனால் எத்தனை அடி வாங்கினாலும் மெதுவாக நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். களத்தில் விடுவதற்கு முன் தையல்காரம்மா குனிந்து அதன் முதுகைத் தட்டி, “பயப்படாதடி, நான் இங்கதான் இருக்கேன்” என்பார்.

“எங்க இருக்கு காது? காட்டுங்க, கம்மல் வாங்கித் தர்றேன்” என்பார் மாமா.

“உங்களுக்கு ரெண்டு இருக்கே, என்ன பிரயோஜனம்? வீட்ல கேட்டேன், கூப்பிட்டா திரும்பறதில்லையாமே.”

என் அக்காவும் தையல்காரம்மாவும் பேசிக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் மாமாவுக்குத் தெரிந்தது.

இந்த நிலையில்தான் ஒரு டிவி சானல் எங்கள் விளையாட்டை எடுத்துக்கொண்டது. அதுவரை சீரியல் போட்டுவந்த சானல். ஆகவே அவர்களுக்குத் தெரிந்த முறையிலேயே எடுத்துக்கொண்டார்கள். கிடங்குச் சுவர் ஊதா நிறமானது. மின்விசிறியைச் சத்தம் போடுகிறது என்று கழற்றியதில் காவலாளி வருவது நின்றது. வாடகைக்கு வந்த பார்வையாளர்கள் காலையிலேயே வரிசையாக உட்கார்ந்து வாயைப் பிளந்தார்கள், கன்னத்தில் கை வைத்தார்கள். ஆச்சரியத்தையெல்லாம் முதலிலேயே படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் வண்டிகளை உள்ளே விட்டார்கள்.

நிகழ்ச்சியின் இயக்குநர் காதில் ஹெட்ஃபோனோடு பிறந்தவர் போல இருந்தார். எங்களை உட்காரவைத்து மாமாவிடம் மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

“சார், உங்க வண்டிக்கு வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“யாருமில்ல.”

“அநாதையா சார்?” இயக்குநரின் முகம் மலர்ந்தது.

“தம்பி, அது இரும்பு.”

“இரும்பு மனசு,” என்று அவர் உதவியாளரிடம் சொல்ல, உதவியாளர் தலையாட்டினார். அடுத்த வாரம் மூணாம் நம்பருக்குத் திரையில் வந்த அறிமுகம், ‘தாய்முகம் அறியாத புயல்.’ அக்கா அதைப் பார்த்துவிட்டு, “தாய் வாஷிங் மெஷின்னு போடச் சொல்லுங்க” என்றாள். அவள் கையால் துணி துவைக்கத் தொடங்கி அப்போது வெகுநாளாகியிருந்தது.

தையல்காரம்மாவைக் கண்டதும் சானல் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அவர் வண்டியைத் தட்டிக்கொடுப்பதை மூன்று கேமராவில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, பின்னால் புல்லாங்குழல் சேர்த்தார்கள். மாமா அதைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்தார். பிறகு தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டினார். எங்கள் வீட்டு மிக்ஸியிடம் குனிந்து, “பயப்படாதடி, தேங்காய்தான்” என்றார். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகத் தேங்காயை வெளியிலேயே வைத்திருந்தார்.

இறுதிப் போட்டிக்கு மூணாம் நம்பரும் சின்னவளும் வந்தார்கள். இயக்குநர் கூட்டம் போட்டு இரண்டு புதிய ஏற்பாடுகளைச் சொன்னார். ஒன்று, சண்டைக்கு முன் வண்டிகள் இரண்டும் இசைக்கு ஏற்ப களத்தைச் சுற்றி வரவேண்டும். போட்டி தும்மலுக்குள் முடிந்துவிட்டால் விளம்பரத்தை எங்கே போடுவது? இரண்டாவது, தோற்ற வண்டியைப் பூட்டிக் கொடுக்கும் வழக்கம் இனி இல்லை. பழைய கார் நசுக்கும் எந்திரம் ஒன்று களத்துக்குப் பக்கத்தில் நிற்கும். தோற்ற வண்டி அதற்குள் போகும்.

தையல்காரம்மா எழுந்து சொன்னார், “இது வேண்டாங்க. இத்தனை வருஷம் கையால கட்டினது.”

இயக்குநர் தயங்கினார். “உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமில்லைன்னா கட்டாயமில்ல. ரெண்டு பேரும் சொல்லணும்.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

“இரும்பு போனா இரும்பு,” என்றார் மாமா. “நசுக்கி உருக்கினா நாளைக்குப் பாலத்துக்குக் கம்பியாகும். இதுக்கு எதுக்கு மூக்கைச் சிந்தணும்?”

வீட்டில் அக்கா ஒரு பக்கெட் துணியோடு கேட்டாள், “ஜெயிச்சிருவீங்களா?”

“அதுல என்ன சந்தேகம்?”

“இல்ல, உள்ள என் மோட்டார் இருக்கு.”

இறுதிப் போட்டியன்று இசை ஆரம்பித்தது. சின்னவள் கல்யாணப் பெண் மாதிரி தலையைத் தாழ்த்தி நகர்ந்தது. மூணாம் நம்பர் எதிர்ப்பக்கம் சுற்றியது, கத்தி முழு வேகத்தில்.

“மாமா, சண்டை ஆரம்பிக்கற வரைக்கும் கத்தியை நிறுத்திடவா? பாட்டரி தீருது.”

“நிறுத்தினா எப்படி இருக்கும் தெரியுமா? கையைக் கட்டிக்கிட்டு பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கும். சுத்தட்டும்.”

“இன்னும் ஒரு சுத்து இருக்காம்.”

“இருக்கட்டும். அந்தம்மா பார்க்கட்டும்.”

அந்தம்மா பார்த்தார். புல்லாங்குழல் முடிந்து தபேலா வந்தது. தபேலா முடிந்து, எங்கள் யாருக்கும் சொல்லாமல், வயலின் வந்தது. வயலின் முடிந்து மணி அடித்தபோது மூணாம் நம்பர் சீறிக்கொண்டு பாய்ந்தது. பாதி வழியில் கத்தியின் சத்தம் சீறலிலிருந்து முனகலாக இறங்கியது. முனகலும் நின்று, கடைசியில் அது சின்னவளின் பக்கத்தில் போய் ஏதோ விசாரிக்க வந்த மாதிரி நின்றுவிட்டது. சின்னவள் மெதுவாக அதைத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோடு சாய்த்து வைத்தது. இந்த இடத்தில், காலையில் எடுத்த ஆச்சரியத்தைச் சேர்த்தார்கள்.

மாமா ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. செத்த வண்டியை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா பழக்கதோஷத்தில் ஸ்பேனரோடு எங்கள் பக்கம் வந்துவிட்டார். வந்த பிறகுதான் இனிமேல் பூட்ட ஒன்றுமில்லை என்பது ஞாபகம் வந்தது போல. குரலைத் தாழ்த்தினார்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானும் சேர்ந்து சொல்றேன். ரெண்டு பேரும் சொன்னா விட்டுருவாங்க.”

மாமா மூணாம் நம்பரைப் பார்த்தார். அதற்கப்பால், போட்டி பார்க்க வந்த எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார். அதில் பாதிப்பேர் அவருடைய மிக்ஸி நடிப்பைப் பார்த்தவர்கள்.

“சொன்னது சொன்னதுதாம்மா,” என்றார். “இரும்புதானே.”

இயக்குநர் ஓடிவந்தார். “சார், கட்டிப் பிடிச்சுக்கோங்க. ஒரு துளி வந்தா போதும். வரலைன்னா எங்ககிட்ட கண்ணுல விடற சொட்டு மருந்து இருக்கு.”

மாமா கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்று, இரும்பு எந்தச் சூட்டில் உருகும், பழைய இரும்பை மறுபடி பயன்படுத்தினால் நாட்டுக்கு என்ன நன்மை என்றெல்லாம் விளக்கினார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த விளக்கம் எதுவும் ஒளிபரப்பில் வரவில்லை.

“விளம்பர இடைவேளை,” என்று கத்தினார்கள். விளக்குகளை அணைத்தார்கள். ஒரு பெண் வந்து மாமாவின் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டு போனாள். கேமராக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். மூணாம் நம்பரை நசுக்கும் எந்திரத்தின் தட்டில் ஏற்றிவைத்திருந்தார்கள்.

மாமா அதனருகில் போய் மண்டியிட்டார். ஒரு போல்ட்டை முறுக்கினார். ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட். கொஞ்ச நேரத்தில் தட்டையாகப் போகிற வண்டியில் எதற்கு அதை முறுக்குகிறார் என்று நான் கேட்கவில்லை. அக்கா வரிசையை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

மாமா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நாங்கள் இரண்டுபேரும் உடனே ஊதாச் சுவரை மிகவும் ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்தோம்.

“டக்குனு முடிஞ்சிரும்,” என்று அவர் குரல் கேட்டது. “ஒண்ணுமில்ல. நான் எங்கயும் போகலை, இங்கதான் நிக்கிறேன்.”

மோட்டார் இன்னும் ஆறவில்லை. சூடு தாங்காமல் கையை எடுப்பதும், ஊதுவதும், மறுபடி வைப்பதுமாக அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.