ஜூம் எழுபத்தைந்து

வானதி என் சித்தப்பா மகள். அவள் கல்யாணத்தன்று மண்டபத்துப் பெரிய திரையில் குடும்பப் படங்களை ஓடவிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீடியோக்காரர் பாட்டுப் போட்டு, இதயங்களைப் பறக்கவிட்டுச் செய்து தருவதாகச் சொன்னார். ஒரு ஸ்கிரீன்சேவரே போதும் என்று சொல்லிவிட்டேன்.

கணினி சும்மா இருக்கும்போது திரையில் எதையாவது ஓட்டுகிற நிரல்தான் ஸ்கிரீன்சேவர். என்னுடைய லேப்டாப்பில் இருந்ததற்கு ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும். அதிலுள்ள படங்களைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டும். அதற்குப் பொத்தானோ மெனுவோ கிடையாது. கறுப்புத் திரையில் நிரலின் பெயரைத் தட்டச்சு செய்து, பக்கத்திலேயே நமக்கு வேண்டியதையும் சொல்ல வேண்டும். ஓட்டலில், "தோசை ஒண்ணு, எண்ணெய் கம்மியா, முறுகலா" என்கிறோமே, அப்படி. --duration 10 என்றால் ஒரு படம் பத்து விநாடி நிற்கும். --fade 2 என்றால் இரண்டு விநாடியில் அது மங்கி அடுத்தது தெளியும். --zoom 75 என்றால் ஓரங்களை விட்டுவிட்டு, படத்தின் நடுவிலுள்ள முக்கால் பங்கை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கும். முகங்கள் பளிச்சென்று தெரியும். மூன்றையும் போட்டேன். அழகாக ஓடியது.

வானதியின் தாய்மாமன் பஞ்சநதம், குத்தாலத்திலிருந்து காலையில் வந்தார். அறுவடை மெஷினை வயலில் பாதியில் நிறுத்திவிட்டு நீடாமங்கலம் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்துவந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பந்தி நடக்கிற இடத்தில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் ஓடினேன். "மாமா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. வானதி ரூம்ல காத்திட்டிருக்கு."

"காத்திருக்கட்டும். நான் சாப்பிட வந்த ஆளு. சாப்பிட்டுட்டுப் போயிடுறேன்."

"என்னாச்சு மாமா?"

"ஒரு படத்துலகூட நான் இல்ல. ஒண்ணே ஒண்ணுல கை மட்டும் இருக்கு. என் வாட்ச் எனக்குத் தெரியாதா? உங்க சித்தப்பன் கத்தரிச்சுட்டான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் வீட்டு விசேஷத்தில் நாம் நடுவில் நிற்கக் கூடாது, வந்தவர்களை நடுவில் விட்டு ஓரமாக நிற்க வேண்டும் என்பது மாமாவின் கொள்கை. எந்தப் படமானாலும் ஓரத்துக்குத்தான் போவார். மடியில் வானதியை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்த காதுகுத்துப் படம் மட்டும் விதிவிலக்கு. அந்த ஆல்பம் கஜா புயலில் ஊறிப்போய்விட்டது.

"சித்தப்பா ஒண்ணும் பண்ணல மாமா. ஜூம் எழுபத்தஞ்சு. ஓரத்துல இருக்குறது தானாவே விட்டுப்போகும்."

"முக்கால்வாசிப் பேரு போதும்னு யாரு முடிவு பண்ணுனது?"

"நான்தான்."

"அப்ப நீதான் கத்தரிச்ச."

லேப்டாப்புக்குப் போய் 75ஐ 100 ஆக்கினேன். இப்போது முழுப் படமும் வரும். மாமாவை நாற்காலியோடு திரைக்கு எதிரே கொண்டுவந்தோம். என் படம் வந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் எழுந்திருப்பேன் என்றார். படங்களோ கலைந்து வருபவை. அடுத்தது எது என்று நிரலுக்கே தெரியாது. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தாயிற்று. ஐயர் என்னைப் பார்த்தார். வானதி போன் செய்தாள்.

"அண்ணே, என்ன பண்ணித் தொலைச்ச? மாமா வரலேன்னா நான் எப்படி வெளிய வர்றது?"

"ரெண்டே நிமிஷம்டா."

சீக்கிரம் வரட்டும் என்று --duration 2 கொடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். மங்குவதற்கே இரண்டு விநாடி என்று முன்பே சொல்லியிருந்தேன் அல்லவா? படம் தெளிவதற்குள் மங்க ஆரம்பித்துவிடும். மாமா வந்தார். உடனே கரைந்தார்.

"புகை மாதிரி வந்துட்டுப் போறேன்," என்றார் மாமா. "செத்தவங்களத்தான் இப்படிக் காட்டுவாங்க."

பக்கத்தில் இருந்த அத்தை ஒருத்தி, "வாய அலம்புங்க, கல்யாண வீட்டுல பேசுற பேச்சா?" என்று அதட்டினாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, மாமா இருக்கும் ஒரு படத்தை மட்டும் அதில் போட்டேன். --duration-ஐப் பழையபடி 10 ஆக்கி, கட்டளையின் கடைசியில் அந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தேன். ஒரு படம்தான் என்றால் எப்படிக் கலைத்தாலும் அதுதான் வரும்.

வந்தது. வானதி பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம். நடுவில் பத்துப் பேர். இடது ஓரத்தில் வாட்சும் ஆளுமாகப் பஞ்சநதம் மாமா. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலது ஓரத்தைப் பார்த்தார். அங்கே வானதியின் அம்மா மங்களாம்பிகை, அவருடைய தங்கை, பாதி உடம்பைத் தூணுக்குப் பின்னால் வைத்து நின்றிருந்தாள்.

"மங்களா!" என்று கூப்பிட்டார். சித்தி தாம்பாளத்தோடு வந்தாள். "நீயும்தான் எதுலயும் இல்ல. பெத்தவ நீ. ஏன் கேக்கல?"

"நான் எங்கண்ணே பாத்தேன்? காலைலேருந்து உன்னத் தேடவே சரியா இருக்கு."

மாமா எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் படத்த எடுக்காத. தங்கச்சி பாக்கல இன்னும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மணமகள் அறைக்கு வேகமாக நடந்தார்.

முகூர்த்தம் முடிவதற்குள் தாலி கட்டியாயிற்று. அட்சதை போட்ட கையோடு மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம் வந்து திரையைக் காட்டினார்.

"ஓரத்துல நிக்குறது பொண்ணோட மாமாங்களா?"

"ஆமாங்க."

"அவர் பாக்கணும்னுதான் ஒரே படமா நிக்குதாமே?"

"ஆமாங்க."

"எங்க மாப்பிள்ளைக்கும் ஒரு மாமா இருக்காருங்க," என்றார் பெரியப்பா. "அவரும் திரையத்தான் பாத்துட்டு இருக்காரு. சாப்பிட மாட்டேங்குறாரு."