மாமா விழுந்த மாடிப்படி

“உங்க அம்மா வழியில சின்ன வயசுல யாராவது தவறிப் போயிருக்காங்களா?”

கருத்தரிப்பு மையத்துக்குப் புதிதாக வந்திருந்த மரபணு ஆலோசகர், படிவத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டார். அக்காவின் கருமுட்டையில் உருவாக்கிய கருவை நாளைக் காலை தங்கையின் கருப்பையில் வைக்க வேண்டும். இது மூன்றாவது முறை. மிச்சம் இருப்பது இந்த ஒரு கருதான்.

“மாமா ஒருத்தர். பதினாறு வயசுல மாடிப்படியில விழுந்துட்டாராம்,” என்றாள் அக்கா. “முன்னாடியே விபத்துன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே.”

“அப்ப சரி. கையெழுத்துப் போடுங்க.”

“சீக்கிரம் போடுக்கா. சொத்தை எழுதி வைக்கிற மாதிரி யோசிக்கிற,” என்றாள் தங்கை.

“முட்டையே கொடுத்தாச்சு, சொத்து எதுக்குடி உனக்கு?”

துணைக்கு வந்திருந்த அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இருங்க. அவன் மாடிப்படியில விழல.”

“என்னம்மா சொல்ற?”

“பத்து வயசுலயே நடை போச்சு. அதுக்கு முன்னாடியும் தொடையில கை ஊன்றித்தான் எழுந்திருப்பான். கடைசியில மூச்சு விட முடியல. அப்ப எனக்கு வரன் பார்த்துக்கிட்டிருந்தாங்க. சீக்குக் குடும்பம்னு தெரிஞ்சா யாரு பொண்ணு எடுப்பாங்க? விழுந்துட்டான்னு சொல்லிட்டார் எங்கப்பா. சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நிஜம்னு ஆயிடுச்சு.”

ஆலோசகர் பேனாவை வைத்தார். “கெண்டைக்கால் பருத்து இருந்துச்சா?”

“ஆமா. பயில்வான்னு கூப்பிடுவோம்.”

ஆலோசகர் மெல்லச் சொன்னார்: “இது தசை நோயா இருக்கலாம். பெண்கள் வழியா வந்து பையன்களைத் தாக்கும். முட்டை கொடுத்தவங்க ரத்தத்தை முதல்ல பார்க்கணும். அதுல இருந்தா, கருவையும் பார்க்கணும். நாளைக்கு வேண்டாம்.”

“எனக்கு ரெண்டும் பொண்ணு,” என்றாள் அக்கா. “அதனாலதான் தெரியாமப் போச்சா?”

“இருக்கலாம். உங்ககிட்ட இருந்தா அவங்களுக்கும் பார்க்கணும்.”

தங்கை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு தடவை வச்சப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீதானேம்மா இருந்த?”

“ஆமா.”

“தங்கணும்னு வேண்டிக்கிட்டியா, தங்கக் கூடாதுன்னா?”

“தங்கணும்னுதான்டி. அவன் நெனப்பே எனக்கு வரல.”

அக்கா படிவத்தில் ‘விபத்து’ என்ற சொல்லை அடித்தாள். பேனாவை அம்மாவிடம் நீட்டினாள்.

“நீயே எழுது.”

பிறகு ரத்தம் எடுக்கும் அறை எதுவென்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மேலே சுருட்டினாள். தங்கை எழுந்து அவளோடு போனாள். அம்மாவின் கையில் பேனா அப்படியே இருந்தது.