வாசலில் நின்ற பாட்டு

சவப்பெட்டியை மாதா கோயில் வாசப்படிக்கு வெளியிலேயே இறக்கச் சொன்னார் சகாயநாதன்.

"உள்ள கொண்டு போவலாம்ப்பா. சாமியார் காத்திருக்காரு," என்றார் உபதேசியார் ஜெக்கரியா.

"அவளுக்கு இன்னும் உத்தரவு வரலைங்க. செத்த பொறுத்துக்கங்க."

மகள் ஜெனிட்டா போனை உயர்த்திப் பிடித்தாள். திரையில் ஹவாய் தீவிலிருந்து கூமு. அந்த ஊர்ப் பேச்சில் கூமு என்றால் ஆசிரியை.

செத்துப்போன அவர் மனைவி விண்ணரசி சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு இருந்தது, அப்போது அங்கே குடியிருந்த இந்த அம்மாவின் குடும்பத்தில்தான். அங்கே பார்த்த ஹூலா என்ற ஹவாய் ஆட்டத்தை ஊர் திரும்பியும் அவள் விடவில்லை. நடவுக்குப் போகுமுன், மாட்டுக்கொட்டகைத் தூணில் போனைச் சாய்த்துவைத்து, கூமுவிடம் அந்த ஊர் மொழியையும் ஆட்டத்தையும் படித்தாள்.

"இந்த வயசுல இடுப்ப ஆட்டுறாளே!" என்று சகாயநாதனின் அக்கா பிலோமி கேலி செய்வாள்.

"கையப் பாருங்க அண்ணி. மழை, அலை எல்லாம் கையிலதான் இருக்கு. இடுப்பு சும்மா தொணைக்கு வருது."

கூமுவின் குழுவில் ஒருத்தியாகச் சேர ஒரு முறை உண்டு. வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று பாடிக் கேட்க வேண்டும். சரியாக இருந்தால் உள்ளிருந்து பதில் பாட்டு வரும். இல்லையென்றால் மௌனம்தான், மறுபடி பாட வேண்டும். விண்ணரசி சொல்லில் பிசகமாட்டாள். ஆனால் பாட்டு முடிந்ததும், வயலில் நாற்று நட்டுப் பழகிய வாய் தானாகக் குலவை போட்டுவிடும். கூமு சிரித்துக்கொண்டே, இல்லை என்று தலையை ஆட்டுவார்.

"இருங்க, ஒரு நாள் தெறக்க வைக்கிறேன்," என்பாள் புருஷனிடம். முந்தாநாள் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

சகாயநாதன் பெட்டியின் தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமினார். பாடினார். பால் கறந்தபடி நாள்தவறாமல் அவள் பாடக் கேட்ட பாட்டு. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"என்னடா தம்பி கூத்து இது, பொணத்த வாசல்ல வச்சிக்கிட்டு?" பிலோமி அவர் சட்டையை இழுத்தாள். அவர் நிறுத்தவில்லை.

கடைசிச் சொல்லைப் பாடியதும் வாயை இறுக மூடிக்கொண்டார். இந்தத் தடவையாவது சுத்தமாக முடியட்டும்.

பின்னாலிருந்து எழுந்தது குலவை. விண்ணரசியோடு நடவு நட்ட தங்கமணி தொடங்கினாள். கூட வந்திருந்த நடவுப் பெண்கள் பத்துப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். கோயில் மாடத்துப் புறாக்கள் கலைந்து பறந்தன.

போச்சு, என்று நினைத்தார் சகாயநாதன்.

போனில் சத்தமில்லை. கூமு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார். நெஞ்சடியிலிருந்து ஒரு குரல் கடல் தாண்டி வந்தது. அதில் 'ஏ கோமோ மாய்' என்ற சொல் மட்டும் சகாயநாதனுக்குப் புரிந்தது.

"அப்பா, அம்மாவ உள்ள வரச் சொல்லிட்டாங்கப்பா."

"கேட்டுச்சு தாயி." அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எப்போதும்போல் கோயிலில் ஒற்றைக் கதவுதான் திறந்திருந்தது. இன்னொன்று தேர்த் திருவிழாவுக்கு மட்டும் திறப்பது.

"பெட்டி இதுலயே நொழையும்ப்பா," என்றார் ஜெக்கரியா.

"நொழையுந்தாங்க."

சகாயநாதன் குனிந்து, மூடியிருந்த கதவின் துருவேறிய தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தார்.